ஜப்பானின் மாகாணங்களும் உள்ளாட்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பான் வரலாற்றைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரே மாதிரியான சந்தேகங்கள்தான் என்னிடம் வருகின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கேட்கிறார்கள், அங்கே வேலைக்குப் போன சொந்தக்காரர்கள் கேட்கிறார்கள், சாமுராய் கதைகளில் மனம் பறிகொடுத்தவர்களும் கேட்கிறார்கள். பிரதமர்களின் பெயரும் கட்சிகளின் கதையும் எங்கும் கிடைக்கும். மாகாணம், நகராட்சி, கிராமம் என்று கீழே இறங்கினால் தமிழில் படிக்க அதிகம் இல்லை. அதனால் கேள்விகளை, கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

படிக்கும்போது இரண்டு விஷயங்களை மனதில் வைத்துக்கொண்டால் இந்த 150 ஆண்டுக் கதை பிடிபட்டுவிடும் என்பது என் கருத்து. மாகாணத்தின் நிர்வாகத் தலைவரான ஆளுநரை நாற்காலியில் உட்கார வைப்பது யார்? அவர் செலவு செய்யும் பணம் எங்கிருந்து வருகிறது?

ஜப்பானில் எத்தனை மாகாணம்? ஒரு இடத்தில் 43, இன்னொரு இடத்தில் 47 என்று இருக்கிறது. எது சரி?

மொத்தம் 47. அவற்றில் ‘கென்’ என்ற வகை மட்டும் 43; அந்த எண்தான் சில இடங்களில் வருகிறது. மீதி நான்கு: டோக்கியோ ‘தோ’ வகை, ஹொக்கைடோ ‘டோ’ வகை, ஒசாகாவும் கியோட்டோவும் ‘ஃபு’ வகை. டோக்கியோவை விட்டுவிட்டால் இன்று இவற்றுக்குள் அதிகாரத்தில் பெரிய வேறுபாடு கிடையாது.

இதற்குக் கீழே நகரங்கள், பேரூர்கள், கிராமங்கள் என்று 1,718 உள்ளாட்சிகள். டோக்கியோவின் 23 சிறப்பு வார்டுகளையும் சேர்த்தால் 1,741. அளவில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. டோக்கியோவில் சுமார் 1.4 கோடிப் பேர். தொட்டோரி மாகாணத்தில் 5.5 லட்சம் பேர்கூட இல்லை. யோகொஹாமா நகரத்தில் சுமார் 37 லட்சம் பேர். டோக்கியோவின் தெற்கே கடலுக்குள் இருக்கும் அவொகஷிமா கிராமத்தில் இருநூறு பேருக்கும் குறைவு.

இவ்வளவு மாகாணம் இருக்கிறதே, அப்போ ஜப்பான் கூட்டாட்சி நாடா?

இல்லை, ஒற்றையாட்சி நாடு. மாகாணத்துக்குத் தனி அரசியல் சட்டமோ, தனி உயர் நீதிமன்றமோ, தன் விருப்பப்படி சட்டம் இயற்றும் அதிகாரமோ இல்லை. மாகாண மன்றம் விதிமுறைகளை இயற்றலாம். அவை நாட்டின் சட்டத்துக்கு உட்பட்டே இருக்க வேண்டும்.

அதற்காக மாகாணங்களை வெறும் கிளை அலுவலகம் என்று நினைத்துவிடக் கூடாது. பள்ளி, சாலை, குப்பை, முதியோர் கவனிப்பு, தீயணைப்பு, சுகாதார நிலையம் என்று ஒரு ஜப்பானியர் தினமும் தொட்டுப் பழகும் அரசு பெரும்பாலும் உள்ளாட்சிதான். செய்வது உள்ளூர், விதி வகுப்பது டோக்கியோ என்ற இந்த அமைப்பிலிருந்துதான் பின்னால் வரும் சிக்கல்கள் எல்லாம் முளைக்கின்றன.

சாமுராய் காலத்து டைமியோக்கள் (சிற்றரசர்கள்) ஆண்ட பகுதிகள்தானே இப்போதைய மாகாணங்கள்?

அடிப்படையில் அவற்றிலிருந்து வந்தவைதான், ஆனால் நேர் வாரிசுகள் அல்ல. 1603 முதல் 1867 வரை டோக்குகாவா குலத்து ஷோகன்கள் (படைத் தலைமை ஆட்சியாளர்கள்) நாட்டின் தலைமையில் இருந்தார்கள். அவர்களுக்குக் கீழே 260க்கும் மேற்பட்ட டைமியோக்கள் தங்கள் ‘ஹான்’களை ஆண்டார்கள். ஒவ்வொரு ஹானுக்கும் தனிப் படை, தனி வரி. பலவற்றுக்குத் தனிக் காகிதப் பணம்கூட இருந்தது. 1635இல் முறைப்படுத்தப்பட்ட விதியின்படி டைமியோக்கள் குறித்த இடைவெளியில் எடோ நகரத்தில் (இன்றைய டோக்கியோ) வந்து தங்க வேண்டும். மனைவி மக்கள் எப்போதும் அங்கேயே இருக்க வேண்டும். கிட்டத்தட்டப் பணயம்தான்.

ஹான் எல்லைகள் ஒட்டுப் போட்ட துணி போலக் கிடந்தன. ஒரே டைமியோவுக்கு இங்கே கொஞ்சம், ஐம்பது மைலுக்கு அப்பால் கொஞ்சம் நிலம் இருக்கும். இன்றைய மாகாண எல்லைகள், இவற்றையும் இன்னும் பழைய ‘குனி’ என்ற நாட்டுப் பிரிவுகளையும் கலைத்துச் சேர்த்து, ஷோகன் ஆட்சி முடிந்த பின் பேரரசர் பெயரில் அமைந்த மெய்ஜி அரசு வரைந்தவை.

260 சிற்றரசர்களும் சண்டையே இல்லாமல் ஆட்சியை விட்டுக்கொடுத்தார்களாமே, நம்பவே முடியவில்லை. எப்படி?

சண்டையே இல்லாமல் என்று சொல்ல முடியாது. 1867இல் கடைசி ஷோகன் டோக்குகாவா யொஷினொபு ஆட்சியைப் பேரரசரிடம் ஒப்படைத்த பிறகு, 1868–69இல் உள்நாட்டுப் போர் நடந்தது. ஷோகன் தரப்பு தோற்றது. ஆனால் வென்ற தரப்பில் இருந்தவர்களும் டைமியோக்கள்தானே? அவர்களும் தங்கள் ஹானை இழக்கச் சம்மதித்ததுதான் ஆச்சரியம்.

அது படிப்படியாக நடந்தது. 1869இல் சத்சுமா, சோஷூ, டோசா, ஹிசென் ஆகிய நான்கு ஹான்களும் தங்கள் நிலப் பதிவேடுகளையும் மக்கள் பதிவேடுகளையும் பேரரசரிடம் ‘திருப்பிக்’ கொடுத்தன. மற்றவர்களும் பின்தொடர்ந்தார்கள். டைமியோக்கள் அதே இடத்தில் ஆளுநர் என்ற பெயரில் தொடர்ந்ததால் பெரிதாக எதுவும் மாறவில்லை என்றே பலரும் நினைத்தார்கள். உண்மையில் அன்றே அவர்கள் அரசின் ஊழியர்கள் ஆகிவிட்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து, சத்சுமா, சோஷூ, டோசா படைகளைத் தலைநகரில் குவித்து வைத்துக்கொண்டு, 1871 ஆகஸ்ட் 29 அன்று டோக்கியோவில் இருந்த முன்னாள் டைமியோக்களை அரண்மனைக்கு அழைத்தார்கள். பேரரசர் முன்னிலையில் அறிவிப்பு படிக்கப்பட்டது: ஹான்கள் ஒழிந்தன, இனி மாகாணங்கள், நீங்கள் டோக்கியோவில் குடியேறுங்கள்.

படைபலம் மட்டுமே காரணம் என்றால் எங்காவது ஒரு கலகமாவது வெடித்திருக்கும். பணத்தையும் பாருங்கள். பெரும்பாலான ஹான்கள் கடனில் மூழ்கியிருந்தன. வட கிழக்கில் மொரியோக்கா ஹான் தாக்குப்பிடிக்க முடியாமல் 1870இலேயே தானாக முன்வந்து ஆட்சியை ஒப்படைத்துவிட்டது. 1871 அறிவிப்புக்குப் பின் ஹான்களின் கடனை அரசு ஏற்றுக்கொண்டது. 1843க்கு முந்தைய கடன்களைத் தள்ளுபடி என்று அறிவித்ததில் ஒசாகா வணிகர்களுக்குப் பலத்த அடி. முன்னாள் டைமியோவுக்கோ ஹான் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சொந்தச் செலவுக்கு, கூடவே பிரபு அந்தஸ்து. கடனும் இல்லை, சாமுராய்களுக்குச் சம்பளம் கொடுக்கும் தலைவலியும் இல்லை. கணக்குப் பார்த்தவர்களுக்கு லாபமாகவே தெரிந்திருக்கும்.

எல்லாரும் அப்படி ஏற்றுக்கொள்ளவில்லை. சத்சுமாவின் உண்மையான அதிகாரம் கையில் இருந்த ஷிமாசு ஹிசாமித்சு, தன் சொந்த ஆட்களான சைகோ தகாமோரியும் ஓகுபோ தொஷிமிச்சியும் சேர்ந்தே இதைச் செய்துவிட்டார்கள் என்று கொதித்துப்போய், சத்சுமாவின் தலைநகரான ககொஷிமாவில் இரவு முழுக்க வாணவேடிக்கை விட்டுக் கோபத்தைக் காட்டினார். ஆயுதம் ஏந்திய மிகப் பெரிய எதிர்ப்பு வந்தது பிற்பாடு, 1876இல் சாமுராய்களின் ஊதியத்தைக் கடன் பத்திரமாக மாற்றிய பிறகுதான். 1877இல் அதே சைகோ தலைமையில் ககொஷிமாவிலிருந்து கிளம்பிய கலகம் அது.

1871இல் முன்னூறு மாகாணம் என்கிறார்கள். அது எப்படி 47 ஆயிற்று?

முதல் நாள் கணக்கு 3 ‘ஃபு’, 302 ‘கென்’. ஹானின் பெயரை மட்டும் மாற்றியதால் அவ்வளவு. அதே ஆண்டு முடிவதற்குள் இணைத்து இணைத்து 3 ஃபு, 72 கென் ஆக்கினார்கள். 1876இல் இன்னும் இறுக்கி 3 ஃபு, 35 கென். அங்கேதான் அளவு மீறிப்போனது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். 1876இல் தொயாமா பகுதியை இஷிகாவா மாகாணத்தோடு சேர்த்தார்கள். தொயாமாவில் மலையிலிருந்து பாய்ந்து வரும் ஆறுகள் அடிக்கடி கரை உடைக்கும். அவர்களுக்கு வெள்ளத் தடுப்புக்குப் பணம் வேண்டும். மன்றத்தில் இருந்த மற்றப் பகுதிக்காரர்களுக்குச் சாலைதான் முக்கியம். சண்டை முற்றி 1883இல் தொயாமா தனி மாகாணம் ஆனது. இதே மாதிரி தொக்குஷிமா 1880இல் கோச்சியிலிருந்தும், தொட்டோரி 1881இல் ஷிமானேயிலிருந்தும், நாரா 1887இல் ஒசாகாவிலிருந்தும் பிரிந்தன. கடைசியாக 1888இல் எஹிமேயிலிருந்து ககாவா பிரிந்ததும் 3 ஃபு, 43 கென் என்ற கணக்கு நிலைத்துவிட்டது. ஹொக்கைடோவையும் சேர்த்தால் 47. அதற்குப் பிறகு நாடே தலைகீழாகப் புரண்டும் அந்த வரைபடம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது.

ஹொக்கைடோவும் ஒகினாவாவும் இதே வழியில்தான் வந்தனவா?

இல்லை. இரண்டையும் தனியாகத்தான் படிக்க வேண்டும். ஹொக்கைடோ ஐனு என்ற பழங்குடி மக்களின் நிலம். 1869இல் அதற்கு அந்தப் பெயரைச் சூட்டி, குடியேற்ற ஆணையம் ஒன்றை அமைத்து, தெற்கிலிருந்து ஆட்களைக் கொண்டுபோய்க் குடியமர்த்தினார்கள். 1882இல் மூன்று மாகாணமாகப் பிரித்துப் பார்த்து, சரிவராமல் 1886இல் மறுபடி ஒரே நிர்வாகமாக்கினார்கள். மற்ற மாகாணங்களுக்கு இணையான உள்ளாட்சி அந்தஸ்து அதற்கு 1947இல்தான் கிடைத்தது.

ஒகினாவா, ரியூக்கியூ என்ற தனி அரசாக இருந்தது. 1609இல் சத்சுமா படையெடுத்து அதைத் தன் பிடிக்குள் வைத்துக்கொண்டாலும், அந்த அரசு சீனப் பேரரசுக்கும் கப்பம் செலுத்திவந்தது. 1872இல் அதை ‘ஹான்’ என்று அறிவித்தார்கள்; மற்ற ஹான்களை ஒழித்த மறு வருடம் ஒரு புது ஹான்! 1879இல் படைவீரர்களையும் காவலர்களையும் அனுப்பி, மன்னர் ஷோ தாயை ஷுரி கோட்டையிலிருந்து வெளியேற்றி மாகாணமாக மாற்றினார்கள். ஹொக்கைடோ நீங்கலாக மற்ற மாகாணங்கள் 1890இல் நாடாளுமன்றத்துக்கு வாக்களித்தன. ஒகினாவாவுக்கு அந்த உரிமை 1912இல் வந்தது. ஒகினாவாவின் இன்றைய பிரச்சினைக்கு இந்தத் தொடக்கமும் ஒரு வேர். கடைசியில் அதற்கு வருகிறேன்.

ஆளுநரை யார் நியமிக்கிறார்கள்?

இன்று யாரும் நியமிப்பதில்லை, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நான்கு ஆண்டுப் பதவி. வாக்களிக்க 18 வயது, ஆளுநர் பதவிக்குப் போட்டியிட 30, மேயருக்கு 25. எத்தனை முறை வேண்டுமானாலும் நிற்கலாம். கியோட்டோவில் நினகவா டொராசோ 1950 முதல் 1978 வரை தொடர்ந்து ஏழு முறை ஆளுநராக இருந்தார்.

ஆனால் 1947 வரை நிலைமை வேறு. 1873இல் ஓகுபோ தொஷிமிச்சி தொடங்கிய உள்துறை அமைச்சகம்தான் ஆளுநர்களை அனுப்பியது. ஒரு அதிகாரி இரண்டு வருடம் வடக்கே ஆளுநர், அப்புறம் மாற்றலாகித் தெற்கே ஆளுநர். காவல்துறையும் அதே அமைச்சகத்தின் கையில். அந்த அமைச்சகம் 1947 டிசம்பர் 31 அன்று கலைக்கப்பட்டது.

அப்போ 1947க்கு முன்னால் மக்களுக்கு உள்ளூரில் ஒரு குரலும் இல்லையா?

இருந்தது. இதைப் பலரும் கவனிப்பதில்லை. நாடாளுமன்றம் கூடியது 1890இல். மாகாண மன்றங்களுக்கான விதி வந்தது 1878இல். மறு வருடமே மன்றங்கள் கூடத் தொடங்கிவிட்டன. 5 யென் நிலவரி கட்டும் ஆண்களுக்கு மட்டும்தான் ஓட்டு, உண்மைதான். ஆனாலும் ஜப்பானியர்கள் வரவு செலவுத் திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரசோடு வாதாடப் பழகியது அந்த மாகாண மன்றங்களில்தான்.

1882இல் ஃபுகுஷிமாவில் நடந்ததைப் பாருங்கள். ஆளுநர் மிஷிமா மிச்சித்சுனே, ஐசு பகுதியிலிருந்து மூன்று பக்கமும் சாலை போடத் தீர்மானித்தார். அங்குள்ள 15 முதல் 60 வயது வரை உள்ள அனைவரும் இரண்டு ஆண்டுகளுக்கு மாதம் ஒரு நாள் வேலை செய்ய வேண்டும். முடியாதென்றால் ஆண் நாளுக்கு 15 சென், பெண் 10 சென் (நூறு சென் ஒரு யென்) கட்ட வேண்டும். கோனோ ஹிரொனகா தலைமையில் இருந்த மாகாண மன்றம் ஆளுநர் கொண்டுவந்த திட்டங்களை மொத்தமாக நிராகரித்தது. ஆளுநர் உள்துறை அமைச்சகத்தின் அனுமதியோடு அவற்றை அப்படியே நிறைவேற்றினார். எதிர்த்த விவசாயிகளும் சுதந்திரக் கட்சிக்காரர்களும் கூட்டம் கூட்டமாகக் கைது செய்யப்பட்டார்கள். கோனோ சிறைக்குப் போனார். அதே கோனோ 1903இல் நாடாளுமன்றக் கீழவையின் சபாநாயகர் ஆனார்.

1888–89இல் உள்துறை அமைச்சர் யமகதா அரிதோமோ, ஆல்பர்ட் மோசே என்ற ஜெர்மானிய சட்ட வல்லுநரின் ஆலோசனையோடு நகர, பேரூர், கிராம ஆட்சிச் சட்டங்களைக் கொண்டுவந்தார். வசதியானவர்களின் ஓட்டுக்கு அதிக எடை கொடுத்த ஏற்பாடு அது. 25 வயதான ஆண்கள் அனைவருக்கும் நாடாளுமன்ற ஓட்டு 1925இல் சட்டமானது. பெண்கள் முதன்முதலில் வாக்களித்தது 1946 ஏப்ரல் 10 அன்று.

இப்போதைய உள்ளாட்சி எல்லாம் அமெரிக்கா எழுதிக் கொடுத்ததுதானே?

ஒரு பகுதி அப்படித்தான். 1889இல் வந்த மெய்ஜி அரசியல் சட்டத்தில் உள்ளாட்சியைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1947 மே 3 அன்று நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தில் எட்டாம் அத்தியாயம் முழுக்க உள்ளாட்சிக்கு. ஆளுநரையும் மேயரையும் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் விதி, போருக்குப் பிந்தைய அமெரிக்க ஆக்கிரமிப்புப் படைத் தலைமையகத்தின் வரைவில் இருந்து வந்தது. அதே அத்தியாயத்தின் முதல் பிரிவான 92ஐ, அதாவது உள்ளாட்சி அமைப்புகள் உள்ளாட்சித் தன்னாட்சியின் அடிப்படையில் இருக்க வேண்டும் என்பதைச் சேர்த்தது ஜப்பானியத் தரப்பு.

வெளியிலிருந்து வந்தது என்பதற்காக ஒட்டாமல் போகவில்லை. மேலே சொன்ன மன்றப் பழக்கம் ஏற்கெனவே எழுபது ஆண்டு வேர் விட்டிருந்ததே. மாறாக, ஒட்டாமல் உதிர்ந்தவையும் உண்டு. நகரங்களுக்கும் 5,000 பேருக்கு மேலுள்ள ஊர்களுக்கும் தனித்தனிக் காவல்துறை என்ற ஏற்பாடு செலவு தாங்காமல் 1954இல் முடிவுக்கு வந்தது. இன்று காவல்துறை மாகாண அளவில் இருக்கிறது. ஆனால் ஆளுநர் நேரடியாகக் கட்டளையிட முடியாது. பொதுப் பாதுகாப்பு ஆணையம் இடையில் இருக்கிறது. உயர் அதிகாரிகள் மத்திய அரசு ஊழியர்கள்.

ஆளுநரையும் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், மன்றத்தையும் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு பேருக்கும் சண்டை வந்தால்?

மன்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வந்திருந்து, அவர்களில் நான்கில் மூன்று பங்கு ஆதரித்தால் ஆளுநர் மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறும். பத்து நாளுக்குள் ஆளுநர் மன்றத்தைக் கலைக்கலாம்; கலைக்காவிட்டால் பதவி போகும். பதவி இழந்தவர் அடுத்த தேர்தலில் மறுபடி நிற்கத் தடை இல்லை. 2002இல் நகானோ ஆளுநர் தனாகா யசுவோ அணைத் திட்டங்களை எதிர்த்ததால் பதவி இழந்து, மக்களிடம் போய் மறுபடி வென்று வந்தார். 2024இல் ஹியோகோ ஆளுநர் சைத்தோ மொத்தொஹிக்கோ மீது மன்றம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது. அவரும் நவம்பர் தேர்தலில் வென்று திரும்பினார்.

மக்களுக்கும் நேரடிக் கருவிகள் உண்டு. வாக்காளர்களில் ஐம்பதில் ஒரு பங்கு கையெழுத்திட்டால் விதிமுறை ஒன்றை இயற்றக் கோரலாம். மூன்றில் ஒரு பங்கு இருந்தால் மன்றத்தைக் கலைக்கவோ ஆளுநரை அல்லது மேயரை நீக்கவோ வாக்கெடுப்பு கேட்கலாம். பெரிய ஊர்களுக்கு அந்த வரம்பு தளர்த்தப்பட்டிருக்கிறது. 2011 பிப்ரவரியில் நகோயா மக்கள் தங்கள் நகர மன்றத்தை இப்படித்தான் கலைத்தார்கள்.

டோக்கியோ நகரமா, மாகாணமா?

மாகாணம். டோக்கியோ நகரம் என்று ஒரு நகராட்சி இப்போது கிடையாது. இருந்தது, 1943இல் போர்க்காலத்தில் டோக்கியோ நகரத்தையும் டோக்கியோ மாகாணத்தையும் ஒன்றாக்கினார்கள். பழைய நகரம் இருந்த இடத்தில் இன்று 23 சிறப்பு வார்டுகள், மேற்கே தனி நகரங்கள், தெற்கே ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி ஒகசவாரா தீவுகள். எல்லாம் சேர்ந்ததுதான் டோக்கியோ.

வார்டு என்றால் சின்ன அலகு என்று நினைக்க வேண்டாம். செதகாயா வார்டின் மக்கள்தொகை தொட்டோரி மாகாணத்தைவிட அதிகம். வார்டுக்குத் தனி மேயர், தனி மன்றம் உண்டு. ஆனால் தண்ணீர், கழிவுநீர், தீயணைப்பு மாகாணத்திடம். சில முக்கிய வரிகளையும் மாகாணமே வசூலித்து வார்டுகளுக்குப் பகிர்ந்து தருகிறது. வார்டு மேயரை மக்களே தேர்ந்தெடுக்கும் உரிமை 1952இல் பறிபோய், நீண்ட போராட்டத்துக்குப் பின் 1975இல் திரும்பியது.

ஒசாகாவும் இதே அமைப்புக்கு மாற முயன்றது. மாகாணமும் நகரமும் ஒரே வேலையை இரண்டு முறை செய்கின்றன என்பது ஆதரித்தவர்களின் வாதம். 2015 மே 17, 2020 நவம்பர் 1 ஆகிய நாட்களில் ஒசாகா நகர மக்களிடம் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டு முறையும் மயிரிழையில் தோல்வி. முதல் முறை வித்தியாசம் 10,741 ஓட்டுதான்.

மக்கள் தேர்ந்தெடுத்த ஆளுநர் ஏன் எல்லாவற்றுக்கும் டோக்கியோ அமைச்சகத்திடம் போய் நிற்க வேண்டும்?

2000 வரை சட்டமே அப்படி இருந்தது. 1947இல் ஆளுநரை மக்கள் தேர்ந்தெடுக்கத் தொடங்கியதும், அமைச்சகங்கள் வேறு ஒரு வழி வைத்துக்கொண்டன. குறிப்பிட்ட பணிகளைப் பொறுத்தவரை ஆளுநரும் மேயரும் அமைச்சரின் கீழ்நிலை அலுவலர்கள் என்று சட்டம் சொன்னது. மாகாண வேலைகளில் 70–80 விழுக்காடு இந்த வகைதான் என்று அந்த நாட்களில் சொல்வார்கள். அவற்றில் மாகாண மன்றம் தலையிடக்கூட முடியாது. 1991 வரை, கட்டளையை மறுக்கும் ஆளுநரைப் பிரதமர் பதவி நீக்கவும் சட்டத்தில் வழி இருந்தது.

குமமோட்டோ ஆளுநராக 1983 முதல் 1991 வரை இருந்த ஹொசொகவா மொரிஹிரோ, ஒரு பேருந்து நிறுத்தத்தைச் சில மீட்டர் நகர்த்தக்கூட மத்திய அமைச்சகத்தின் அனுமதி வேண்டியிருந்ததை ஊர் ஊராகச் சொல்லி வந்தார். அவர் யார் தெரியுமா? குமமோட்டோவை ஆண்ட டைமியோ குடும்பத்தின் வாரிசு. 1993 ஆகஸ்ட்டில், 1955 முதல் ஆண்டுவந்த தாராளவாத ஜனநாயகக் கட்சியை வெளியேற்றிய கூட்டணியின் பிரதமர் ஆனதும் அவரேதான். அந்த ஆண்டு ஜூனிலேயே அதிகாரப் பரவலுக்கான தீர்மானம் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் நிறைவேறியிருந்தது. பின்னர் 475 சட்டங்களைத் திருத்தி, 2000 ஏப்ரல் 1 முதல் அந்தக் கீழ்நிலை முறை ஒழிக்கப்பட்டது.

இதன் பலன் காகிதத்தோடு நிற்கவில்லை. விரும்பிய ஊருக்கு நன்கொடை கொடுத்து வரிக் கழிவு பெறும் ‘ஊர் வரி’ திட்டத்தில், ஒசாகாவின் இசுமிசானோ நகரம் நன்கொடையாளர்களுக்கு அளவுக்கு மீறிப் பரிசு கொடுக்கிறது என்று 2019இல் அமைச்சகம் அதை வெளியேற்றியது. நகரம் வழக்குப் போட்டது. 2020 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம், பழைய நடத்தைக்குப் புது விதியைக் காட்டித் தண்டிக்க அமைச்சகத்துக்கு அதிகாரம் இல்லை என்று நகரத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. ஐம்பது ஆண்டுக்கு முன் ஒரு சின்ன நகரம் இப்படி நினைத்துப் பார்த்திருக்கவே முடியாது.

ஒரே கட்சிதானே பெரும்பாலும் ஆட்சியில் இருக்கிறது. அப்புறம் உள்ளாட்சியால் என்ன மாற்றம் வந்துவிடும்?

நிறைய வந்திருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இவாதே மாகாணத்தில் சவாவுச்சி என்ற கிராமம். குளிர்காலத்தில் ஆள் உயரத்துக்கு மேல் பனி. நோயாளியை வெளியே கொண்டுபோக வழி இல்லை, குழந்தைச் சாவு மிக அதிகம், கையில் காசும் இல்லை. கிராமத் தலைவர் ஃபுகசாவா மசாவோ முதலில் பனி அகற்றும் இயந்திரம் வாங்கிச் சாலையைத் திறந்தார். செவிலியர்களை வீடு வீடாக அனுப்பினார். 1960 டிசம்பரில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இலவச மருத்துவம். அடுத்த ஆண்டு அதை 60 வயதுக்கு இறக்கி, ஒரு வயது நிரம்பாத குழந்தைகளையும் சேர்த்தார். காப்பீட்டுச் சட்டத்துக்கு இது முரண் என்று மாகாண அதிகாரிகள் எச்சரித்தபோது, மக்கள் நலமாக வாழும் உரிமையைச் சொல்லும் அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவைக் காட்டி நின்றார். 1962இல் அந்தக் கிராமத்தில் ஒரு கைக்குழந்தைகூட இறக்கவில்லை.

டோக்கியோ 1969இல் முதியோருக்கு இலவச மருத்துவம் கொண்டுவந்தது. 1973இல் நாடு முழுக்க வந்தது. தொழிற்சாலை மாசு விஷயத்திலும் இதே வரிசை: ஆளுநர் மினோபே ரியோகிச்சியின் டோக்கியோ 1969இல் கடுமையான விதிமுறை இயற்றியது, 1970இல் நாடாளுமன்றம் மாசுத் தடுப்புச் சட்டங்களைக் கொத்தாக நிறைவேற்றியது. தகவல் பெறும் உரிமையை யமகதா மாகாணத்தின் கனயாமா என்ற பேரூர் 1982இல் தொடங்கிவைத்தது. நாட்டுக்கான சட்டம் 1999இல் வந்தது. மாற்றத்தை டோக்கியோ அமைச்சகங்களில் தேடுபவர்கள் தவறான இடத்தில் தேடுகிறார்கள் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

ஜப்பானில் கிராமங்களே குறைந்துகொண்டு வருகின்றன என்கிறார்களே?

மக்கள் குறைவது ஒரு பக்கம். இணைத்து இணைத்துக் குறைத்தது இன்னொரு பக்கம். 1888–89இல் தொடக்கப் பள்ளி நடத்தும் அளவு வேண்டும் என்று 71,314 ஊர்களை 15,859 ஆக்கினார்கள். 1953க்குப் பிறகு நடுநிலைப் பள்ளி நடத்தும் அளவு, அதாவது 8,000 பேராவது வேண்டும் என்று 9,868ஐ 3,472 ஆக்கினார்கள். 1999–2010இல் 3,232 என்பது 1,727 ஆனது. இந்த மூன்றாவது அலையில் பணம்தான் தூண்டில்: இணைந்தால் சிறப்புக் கடன் வாங்கலாம், திருப்பிச் செலுத்துவதில் 70 விழுக்காட்டை மத்திய அரசின் பங்கீட்டில் ஈடுகட்டும். 2005இல் பத்து ஊர்கள் சேர்ந்த தகயாமா நகரம் கிட்டத்தட்ட டோக்கியோ மாகாணத்தின் பரப்பளவுக்கு வந்துவிட்டது.

மறுத்த ஊர்களும் உண்டு. ஃபுகுஷிமாவின் யமாத்சுரி 2001 அக்டோபரிலேயே இணைய மாட்டோம் என்று தீர்மானம் போட்டது. பிறகு நூலகத்துக்குப் புத்தகம் வாங்கக் காசில்லை என்று நாட்டு மக்களிடம் கேட்டது. லட்சக்கணக்கில் புத்தகங்கள் வந்து குவிந்தன. கோச்சி மாகாணத்தில் நானூறு பேர் அளவிலான ஒகாவா கிராமம், மன்றத்துக்கு ஆள் கிடைக்காமல் போகலாம் என்று 2017இல் மன்றத்துக்குப் பதிலாக வாக்காளர்கள் எல்லாரும் கூடும் பொதுக்கூட்டமே போதுமா என்று ஆராய்ந்தது. அதற்குச் சட்டத்தில் இடமும் இருக்கிறது.

பணம் எங்கிருந்து வருகிறது? ஊரே திவாலாகும் என்கிறார்களே, நிஜமா?

சொந்த வரி போதாத ஊர்களுக்கு மத்திய அரசு பங்கீடு தருகிறது. வருமான வரியிலும் நிறுவன வரியிலும் தலா 33.1, மது வரியில் 50, நுகர்வு வரியில் 19.5 விழுக்காடு இதற்கென்று ஒதுக்கப்படுகிறது. மாகாணங்களில் இந்தப் பங்கீடு வாங்காதது டோக்கியோ மட்டும்தான். கஷ்டப்படும் ஊர் பள்ளியை மூடிவிடாமல் காப்பது இந்தப் பணம்தான். அதே சமயம் ஆளுநர்களின் கண் எப்போதும் டோக்கியோவை நோக்கியே இருப்பதற்கும் இதுதான் காரணம்.

திவால் நிஜம். ஹொக்கைடோவின் யூபாரி நிலக்கரி நகரம். 1960 வாக்கில் 1.16 லட்சம் பேர் இருந்தார்கள். 1990இல் கடைசிச் சுரங்கமும் மூடியது. சுற்றுலாவை நம்பிப் பூங்காவும் விடுதியும் கட்டி, கணக்குகளுக்கு இடையே குறுகிய காலக் கடனைச் சுழற்றிப் பற்றாக்குறையை மறைத்தார்கள். 2006இல் விஷயம் வெளியே வந்தது. கடன் சுமார் 3,530 கோடி யென். 2007இல் நகரம் மத்திய அரசின் கண்காணிப்பின் கீழ் வந்தது. நூலகம் மூடப்பட்டது, பள்ளிகள் ஒரே தொடக்கப் பள்ளி, ஒரே நடுநிலைப் பள்ளியாகச் சுருங்கின, ஊழியர்களில் பாதிப் பேருக்கு மேல் போனார்கள். அப்போது உதவிக்கு டோக்கியோ மாகாணம் அனுப்பிய இளம் ஊழியர் சுசுகி நவோமிச்சி 2011இல் 30 வயதில் அங்கேயே மேயர் ஆனார். 2019இல் ஹொக்கைடோ ஆளுநர்.

வெளிநாட்டிலிருந்து வந்து டோக்கியோவின் எடொகாவா வார்டில் பல வருடமாக வரி கட்டுகிறேன். உள்ளாட்சித் தேர்தலிலாவது எனக்கு ஓட்டு உண்டா?

இல்லை. குடியிருப்பு வரி வருமானத்தில் ஏறக்குறைய 10 விழுக்காடு. வெளிநாட்டவருக்கும் அதே விகிதம்தான். ஓட்டு குடியுரிமை உள்ளவர்களுக்கு மட்டும். 1995 பிப்ரவரி 28 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம், வெளிநாட்டவருக்கு அந்த உரிமையை அரசியல் சட்டம் உறுதி செய்யவில்லை என்றது. கூடவே, நிரந்தரமாக வசிப்பவர்களுக்கு உள்ளாட்சி ஓட்டு தருமாறு ஒரு சட்டம் இயற்றினால் அதை அரசியல் சட்டம் தடுக்கவில்லை என்றும் சொன்னது. அப்படி ஒரு சட்டம் இன்னும் வரவில்லை.

உள்ளூர் விதிமுறையின்படி நடக்கும் கருத்து வாக்கெடுப்பு வேறு. ஷிகா மாகாணத்தின் மைபரா 2002இல் நிரந்தரக் குடியிருப்பு பெற்ற வெளிநாட்டவரையும் வாக்களிக்க விட்டது. குடியுரிமை வாங்கிவிட்டால் எல்லாக் கதவும் திறக்கும். இந்தியாவில் பிறந்த யோகேந்திர புராணிக் 2019இல் அதே எடொகாவா வார்டு மன்றத்துக்குத் தேர்வானார்.

ஒகினாவா மக்கள் வாக்கெடுப்பில் வேண்டாம் என்றார்களே, பிறகு ஏன் அங்கே ராணுவத் தளம் கட்டுகிறார்கள்?

அந்த வாக்கெடுப்புக்குச் சட்டப்படி கட்டுப்படுத்தும் வலு இல்லை. 1972 மே 15 வரை அமெரிக்க நிர்வாகத்தில் இருந்த ஒகினாவா, நாட்டின் நிலப்பரப்பில் 0.6 விழுக்காடு. ஜப்பானில் அமெரிக்கப் படை மட்டுமே பயன்படுத்தும் தளங்களின் பரப்பில் சுமார் 70 விழுக்காடு அங்கே இருக்கிறது. 1995இல் ஆளுநர் ஓட்டா மசாஹிதே தளங்களுக்கான நிலக் குத்தகையில் கையெழுத்திட மறுத்தார். அது மேலே சொன்ன ‘கீழ்நிலை அலுவலர்’ காலம். உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட்டில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

ஹெனோகோ கடலை நிரப்பித் தளம் கட்டும் திட்டத்தில், 2019 பிப்ரவரி 24 அன்று வாக்களித்தவர்களில் ஏறக்குறைய 72 விழுக்காடு எதிர்ப்பு. கடலடி மண் மென்மையாக இருப்பதால் மத்திய அரசு திட்டத்தை மாற்ற வேண்டியிருந்தது; ஆளுநர் தமாகி டென்னி 2021இல் ஒப்புதல் மறுத்தார். 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மாகாணத்துக்கு எதிராக முடிவு செய்தது. அப்போதும் அவர் கையெழுத்திடவில்லை. டிசம்பர் 28 அன்று அமைச்சரே ஆளுநருக்குப் பதிலாக ஒப்புதல் அளித்தார். உள்ளாட்சிச் சட்டத்தின் இந்தப் பிரிவை மத்திய அரசு இப்படிப் பயன்படுத்தியது அதுவே முதல் முறை. சட்டம் அனுமதித்தது என்பது சரி. இத்தனை தேர்தல்களிலும் வாக்கெடுப்பிலும் ஒரு மாகாணம் சொன்னதற்கு மதிப்பு என்ன என்ற கேள்விக்கு அந்தத் தீர்ப்பில் பதில் இல்லை என்பது என் வருத்தம்.

2024இல் மத்திய அரசுக்கு மறுபடி கட்டளையிடும் அதிகாரம் வந்துவிட்டதாமே?

ஆமாம். 2024 ஜூனில் உள்ளாட்சிச் சட்டம் திருத்தப்பட்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. கொரோனா காலத்தில் நோயாளிகளை மாகாண எல்லை தாண்டி அனுப்புவதில் வந்த குழப்பத்தைக் காரணமாகச் சொன்னார்கள். தனிச் சட்டங்களில் எதிர்பார்க்காத பெரிய ஆபத்து வந்தால், மக்கள் உயிரைக் காக்கத் தேவையான அளவுக்கு உள்ளாட்சிக்கு மத்திய அரசு உத்தரவிடலாம். அமைச்சரவை கூடி முடிவெடுக்க வேண்டும், பின்னர் நாடாளுமன்றத்துக்கு அறிக்கை தர வேண்டும்.

2000க்கு முன்பிருந்த நிலைக்கு இது திரும்புவதல்ல. அன்றாட வேலைக்கு இந்த அதிகாரம் பொருந்தாது. ஆனால் ‘பெரிய ஆபத்து’ எது என்று தீர்மானிப்பது மத்திய அரசுதான். அந்த வரையறை தெளிவாக இல்லை என்று ஆளுநர்கள் சிலரும் வழக்கறிஞர் சங்கங்களும் எதிர்த்தது அதனால்தான். முதல் உத்தரவு வரும்போது அதை எந்த மாகாணம் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகிறது, இசுமிசானோவுக்குக் கிடைத்தது போன்ற தீர்ப்பு கிடைக்கிறதா, ஒகினாவாவுக்குக் கிடைத்தது போன்றதா என்பதைப் பொறுத்தே இந்தத் திருத்தத்தின் எல்லை தெரியும்.